வேடியப்பன் முன்னால் ஒரு வகுப்பறை

நடுகற்கள் நிறைந்த தருமபுரியில் அருங்காட்சியகக் கல்வி ஒருநாள் விழாவாகச் சுருங்கலாமா?

தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் வேடியப்பனுக்குத் தனி மரியாதை உண்டு. வேப்பமரத்தடி, ஏரிக்கரை, காட்டுக்கொல்லை ஓரம் என்று எங்கும் இருப்பார். சில இடங்களில் தலைக்கு மேல் கூரை, பல இடங்களில் வெறும் வானம். எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் ஏறிக் கறுத்த ஒரு பலகைக்கல். அதில் வில்லோ வாளோ ஏந்தி, காலை அகற்றி வைத்துப் பாயத் தயாராக நிற்கும் ஒரு மனிதன். அவனுக்குப் பொங்கல் வைப்பார்கள், ஆடு வெட்டுவார்கள், வேண்டுதல் சொல்வார்கள்.

அந்த மனிதனின் தலைக்கு மேலும் தோளுக்குப் பக்கத்திலும் சில கல்லில் எழுத்து இருக்கும். பழைய கல் என்றால் பெரும்பாலும் வட்டெழுத்து. இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்ன ஊர்த் தொறுவை மீட்கப் போய், இன்னாருடைய சேவகன் இன்னான் பட்டான் என்று அது சொல்லும். தொறு என்பது மாட்டு மந்தை. ஆயிரத்து முன்னூறு, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஊர் மாட்டை மீட்கப் போய் உயிரை விட்டவன்தான் இன்று ஊருக்குச் சாமி.

அவனைக் கும்பிட ஆள் இருக்கிறார்கள். படிக்க ஆள் இருக்கிறார்களா?

தருமபுரி நகரில் அரசுத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. அங்கே இப்படி வீரருக்கு நட்ட நடுகற்களை வரிசையாகப் பார்க்கலாம். பைசுஅள்ளியில் பெரியார் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. தருமபுரி, அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம் என்று அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. கல்லும் உண்டு, கல்லூரியும் உண்டு. இரண்டையும் ஆண்டு முழுக்க இணைக்கும் பாலம்தான் இல்லை.

நாள் குறித்தவர்கள் நம் நாட்காட்டியைப் பார்க்கவில்லை

மரபுக்கென்று உலகம் குறித்து வைத்திருக்கும் தருணங்கள் மூன்று. ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள். 1983இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாள். 1977 முதல் கொண்டாடப்படுகிறது. நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம்.

இதைத் தமிழ்நாட்டுக் கல்லூரி நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். ஏப்ரல் நடுவில் செமஸ்டர் தேர்வு தலைக்கு மேல் நிற்கும். மே மாதம் கோடை விடுமுறை. விடுதியில்கூட ஆள் இருக்காது. நவம்பர் மூன்றாம் வாரம் அடுத்த செமஸ்டர் தேர்வு. மூன்றுமே மாணவர் வர முடியாத நேரத்தில் வருகின்றன. ஆகவே கிடைத்த ஒரு பகல்பொழுதில் கோலப்போட்டி, விநாடி வினா, சிறப்பு விருந்தினர் உரை, சான்றிதழ், குழுப்படம். அறிக்கை எழுத அது போதும். ஒரு கல்லைப் படிக்கப் போதாது.

விழா வேண்டாம் என்பதல்ல வாதம். முதன்முறையாக அருங்காட்சியகத்துக்குள் நுழையும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த ஒரு பகல் பெரிய திறப்பு. அதற்குப் பிறகு என்ன என்பதுதான் கேள்வி. பதில், தருமபுரி மண்ணிலேயே இருக்கிறது.

தகடூர் என்னும் பாடநூல்

சங்க காலத்தில் இந்த ஊர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர். அவன் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமான் மரபினர் என்று புறநானூறு பேசுகிறது. பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றதைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் பாடியிருக்கிறார். அந்தப் போரைப் பற்றித் ‘தகடூர் யாத்திரை’ என்ற தனி நூலே இருந்தது. இன்று நமக்குக் கிடைப்பவை சிதறிய சில பாடல்கள்.

அதியமான் வெறும் புலவர் கற்பனையா, வரலாற்று மனிதனா என்ற கேள்விக்கு விடை ஒரு பாறையிலிருந்து வந்தது. 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பை மலைக்குகையில் ஒரு தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி அமைத்துக் கொடுத்த உறைவிடம் என்பது அதன் பொருள். அசோகர் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொன்ன ‘சதியபுத்திரர்’ யார் என்று அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஒற்றை வரி அந்த விவாதத்துக்கு வலுவான விடையைத் தந்தது. மௌரியப் பேரரசு மதித்துப் பெயர் குறித்த மரபின் ஊர் இது.

தகடூரின் கதை அதியமானோடு முடியவில்லை. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் ஹேமாவதியைத் தலைநகராகக் கொண்ட நுளம்பர் கை இங்கே ஓங்கியது. தருமபுரிக் கோட்டைப் பகுதியில் உள்ள மல்லிகார்ச்சுனர் கோயில் தூண்களில் அவர்கள் கலை நிற்கிறது. சோழர்கள் நுளம்பர் நாட்டை வென்றபோது அதே கலைப்பாணித் தூண்கள் திருவையாறு வரை போய்ச் சேர்ந்தன. ‘அள்ளி’ என்று முடியும் ஊர்ப்பெயர்களும், தமிழோடு கலந்து கிடைக்கும் கன்னடக் கல்வெட்டுகளும் இது இரு மொழி உறவாடிய எல்லை நிலம் என்று சொல்கின்றன.

பின்னால் இது பாராமகால். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது. அலெக்சாண்டர் ரீடின் கீழ் நில அளவையும் வரிக்கணக்கும் எடுத்த இளம் அதிகாரிகளில் ஒருவர் தருமபுரியில் தங்கியிருந்த தாமஸ் மன்றோ. உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இந்த வட்டாரத்துப் புழுதியில் உருவெடுத்தது. மன்றோ பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரானார். அந்தக் காலத்து ஆவணங்கள் பாராமகால் பதிவுகள் என்ற பெயரில் தொகுதிகளாக அச்சாகியுள்ளன. இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால், 1925 ஜூலை 23 அன்று சுப்பிரமணிய சிவா கண்மூடிய பாப்பாரப்பட்டி இருக்கிறது.

வரலாறு, தமிழ், பொருளியல், அரசியல் அறிவியல் என்று எந்தத் துறை மாணவரும் ஒரு ஆய்வேட்டுக்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. கல்லூரியிலிருந்து டவுன் பஸ் போகும் தூரத்தில் மூலச்சான்று கிடக்கிறது.

எளியவர்களின் பெயர்ப்பட்டியல்

இந்தச் செல்வத்தில் தலையானது நடுகல். கல்லைத் தேடிக் காண்பது முதல், எடுத்து வந்து நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை தொல்காப்பியம் இதற்கு முறை வகுத்திருக்கிறது. சங்கப் பாடல்கள் மயிற்பீலி சூட்டிய நடுகற்களைக் காட்டுகின்றன.

ஆனாலும் நடுகல்லை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ள நாம் வெகுகாலம் தாமதித்தோம். 1970களில் இரா. நாகசாமி தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை ஊர் ஊராக நடந்து கல் தேடியது. 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ வெளிவந்தது. தொடர்ந்து தருமபுரிக் கல்வெட்டுகளும் தொகுக்கப்பட்டன. வட்டெழுத்தின் வளர்ச்சியை ஆண்டு ஆண்டாகப் பின்தொடர இந்தக் கற்கள் வழி செய்தன. பல்லவர் ஆட்சியாண்டுகளும், அவர்கள் கீழிருந்த வாணர், கங்கர் முதலிய சிற்றரசர் பெயர்களும் தெளிவாகின.

அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. கோயில் கல்வெட்டில் மன்னனும் கொடையாளியும் பிராமண சபையும் வணிகனும் வருவார்கள். மாடு மேய்த்தவன் வரமாட்டான். நடுகல்லில் அவன் வருகிறான். பெயரோடு, தலைவன் பெயரோடு, செத்த காரணத்தோடு. புலியோடு மோதி இறந்தவன் வருகிறான். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் நாயே வருகிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில், வீரன் கருந்தேவக்கத்தி விழுந்த பிறகு கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. மாமல்லபுரம் எழுந்த நூற்றாண்டையொட்டி ஒரு கிராமம் தன் நாய்க்கு எழுதி வைத்த நன்றி அது.

சாமானியர்களின் இந்தப் பெயர்ப்பட்டியல் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வட்டாரத்தில் கிடைப்பதுபோல் செறிவாக வேறெங்கும் கிடைப்பது அரிது.

மாணவர் கண்ணில் பட்டவை

பல்கலைக்கழகம் வகுப்பறையை விட்டு வெளியே வந்தால் என்ன நடக்கும்? அண்மைக் கால வரலாறே பதில் சொல்கிறது.

2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்கள் கிடைத்தன. கண்டறிந்தது தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு. களத்தில் நடந்தவர்கள் ஆய்வு மாணவர்கள். பல்லவர் காலத்தில் தொடங்குவதாக எண்ணியிருந்த எழுத்துடைய நடுகல் மரபு, ஒரே வீச்சில் பொது ஆண்டுக்கு முந்தைய நூற்றாண்டுகளுக்குப் போனது. சங்கப் பாடல்கள் சொன்ன நடுகல்லுக்குக் கையில் தொட்டுப் பார்க்கும் சாட்சி கிடைத்தது.

இன்னொன்று நம் வீட்டுக் கதை. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி வரை தருமபுரி மாவட்டத்தோடு இருந்தது. அங்குள்ள மயிலாடும்பாறையின் தொன்மையைக் களஆய்வில் வெளிக்கொணர்ந்து, 2003இல் தோண்டியவர் பேராசிரியர் கா. ராஜன். 2021இல் அரசுத் தொல்லியல் துறை மீண்டும் அங்கே இறங்கியது. 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் முடிவை அறிவித்தார்: அங்கே இரும்பு புழங்கிய காலம் பொ.ஆ.மு. 2172. இந்திய இரும்புக் காலத்தின் ஆண்டுக்கணக்கைத் திரும்ப எழுதச் சொன்ன அறிவிப்பு அது. 2025 ஜனவரியில் வெளியான ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை, சிவகளைச் சான்றுகளைக் கொண்டு அந்தக் காலத்தை இன்னும் பின்னே தள்ளியது. அந்த அறிக்கையை எழுதிய இருவரில் ஒருவர் அதே ராஜன். வரைபடத்தை வைத்துக்கொண்டு மலையடிவாரங்களில் நடந்த ஒரு பல்கலைக்கழக ஆசிரியரின் உழைப்பு, பலன் தர இரண்டு பத்தாண்டு பிடித்தது.

தருமபுரி மாவட்டத்துக்குள்ளேயே மோதூரில் 2004–05இல் நடந்த அகழாய்வு புதிய கற்காலக் குடியிருப்பைக் காட்டியது. 2023இல் மாநிலத்தில் தோண்டிய எட்டு இடங்களில் பென்னாகரம் பக்கத்துப் பூதிநத்தமும் ஒன்று. அடுத்த இடம் எது என்று சொல்லக்கூடியவர், ஆடு மேய்க்கும் தாத்தாவோடு பேசிப் பழகிய உள்ளூர் மாணவராக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

பள்ளிகளே இதைச் செய்துகாட்டியிருக்கின்றன. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்துப் பிள்ளைகள் கல்வெட்டு படிக்கப் பழகினார்கள். ஊர் சுற்றிப் பானை ஓடு சேகரித்தார்கள். கண்டறிந்ததை எழுதி வெளியிட்டார்கள். பள்ளிக்கு முடிந்தது கல்லூரிக்கு முடியாதா?

அகழ்வைப்பகத்தில் என்ன படிக்கலாம்?

அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டியும், கையைக் கட்டிக்கொண்டு சுற்றி வருவதும் என்றே நினைக்கிறோம். உள்ளே நடக்கும் வேலை வேறு.

முதல் வேலை பதிவு. ஒரு பொருள் எங்கே, யார் நிலத்தில், என்ன ஆழத்தில் கிடைத்தது, அளவென்ன, உடைசல் எங்கே என்று எழுதும் பதிவேடுதான் அருங்காட்சியகத்தின் உயிர். பதிவு போனால் சிலை வெறும் கல். நிலத்தில் புதையல் கிடைத்தால் அது வருவாய்த் துறை வழியாக வர வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தனியார் கையிலிருக்கும் பழம்பொருளுக்கும் பதிவு கேட்கிறது. இந்தச் சட்டங்களைப் படித்த மாணவர் சிலைக்கடத்தல் செய்தியை வேறு கண்ணால் படிப்பார்.

இரண்டாவது, படி எடுத்தல். கல்லைத் தூரிகையால் துடைத்து, நனைத்த தாளை ஒட்டி, முடித்தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளைப் பதிய வைத்து, மேலே மையை ஒற்றி எடுப்பார்கள். பள்ளம் வெள்ளையாக, மேடு கறுப்பாக வரும். மைப்படி என்பது இதுதான். ஒரு நாள் பயிற்சியில் முறையைத் தெரிந்துகொள்ளலாம். கை பழக ஒரு செமஸ்டர் வேண்டும். மைசூரில் குவிந்திருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், ஒரு மைப்படியின் மதிப்பு புரியும். கல் தேய்ந்தாலும் தாள் பேசும்.

மூன்றாவது, பாதுகாப்பு. இங்கே வேதியியல் துறைக்கு வேலை இருக்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1930இலேயே வேதியியல் பாதுகாப்புக் கூடத்தைத் தொடங்கியது. அங்கே எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் பச்சை பூத்த செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் மீட்டார். பழைய சுவரோவியங்களின் வண்ணங்களைப் பகுத்தாய்ந்தார். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்களுக்கு அப்படியொரு ஆய்வுக் கண் எப்போதும் தேவை. நிலவியல் மாணவர் கல்லின் வகையைச் சொல்லலாம். கணினி மாணவர் பல கோணப் படங்களை இணைத்து, மங்கிய எழுத்தை முப்பரிமாணத்தில் எழுப்பலாம்.

நான்காவது, விளக்கம். ஒரு நடுகல்லின் கீழ் நாற்பது சொல்லில் எழுதும் குறிப்பு, தமிழ்த் துறை மாணவருக்கு எந்தப் பருவத் தேர்வையும்விடக் கடினமான பரீட்சை.

இந்த உறவை உலகம் எப்போதோ கண்டுகொண்டது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1683இல் திறந்தது. கல்கத்தா பல்கலைக்கழகம் 1937இல் அசுதோஷ் அருங்காட்சியகத்தைத் தொடங்கியது. பரோடா பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியகவியல் 1952 முதல் பாடம். தமிழ்நாட்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் தொல்லியலைக் கற்பிக்கின்றன. அரசுத் தொல்லியல் துறை முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. காப்பாட்சியர் பணிக்குத் தேர்வாணையம் ஆள் எடுக்கிறது. 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்த பிறகு இந்தத் துறையின் மீது ஊருக்கே ஒரு கண் விழுந்திருக்கிறது.

கல்லோடு மரபு முடிவதுமில்லை. சித்தேரி, சிட்லிங்கி மலைப்பகுதி மலையாளிப் பழங்குடியினரின் வாய்மொழிக் கதைகள் இருக்கின்றன. சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் ஓரிரு மூதாட்டிகளிடம் மட்டும் மிஞ்சியிருந்த லம்பாடிப் பூத்தையலை இளைய தலைமுறைப் பெண்கள் கற்று, ‘போர்கை’ என்ற பெயரில் இன்று தொழிலாக நடத்துகிறார்கள். எந்தக் கண்ணாடிப் பெட்டியும் செய்ய முடியாத பாதுகாப்பு அது.

தாமதத்தின் விலை

நடுகல்லுக்குப் பகை வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. பக்தியாலும் வருகிறது. கோயிலைப் புதுப்பிக்கும்போது கல்லின் அடிப்பகுதியைச் சிமெண்டுக்குள் புதைத்துவிடுகிறார்கள். கடைசி வரிகள் போய்விடும். எனாமல் பெயிண்ட் பூசினால் எழுத்து அடைபடும். சாலை அகலமாகும்போது கல் ஓரமாகத் தள்ளப்படுகிறது. எங்கிருந்து எங்கே போனது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. 1970களின் தொகுப்புகளில் அச்சான கற்களில் இன்று இடத்தில் நிற்பவை எத்தனை? அதைச் சரிபார்ப்பதே ஒரு நல்ல ஆய்வுத் திட்டம்.

இதற்குக் கோடிகள் வேண்டாம். தருமபுரியில் ஏழு வட்டங்கள். ஒவ்வொரு கல்லூரியும் தன் வட்டத்தைப் பொறுப்பேற்கட்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை, தேர்வு நெருங்காத மாதங்களில், நாட்டு நலப்பணித் திட்ட முகாமை இதற்குப் பயன்படுத்தலாம். ஊர்ப்பெயர், இருப்பிடம், அளவு, நான்கு பக்கப் படம், ஊரார் சொல்லும் கதை, இன்றைய நிலை என்று ஒரு கல்லுக்கு ஒரு பக்கம். தொல்லியல் அலுவலர் சரிபார்த்த பிரதி ஒன்று அகழ்வைப்பகத்துக்கு, ஒன்று கல்லூரி நூலகத்துக்கு, ஒன்று ஊராட்சிக்கு. அந்த உழைப்புக்குப் பாடத்திட்டத்தில் மதிப்பெண் வேண்டும். மதிப்பெண் இல்லாத வேலை இரண்டாம் ஆண்டு நிற்காது.

சில கட்டுப்பாடுகளும் வேண்டும். ஊர்ப் பெரியவர்களிடமும் பூசாரியிடமும் கேட்காமல் கல்லைத் தொடக்கூடாது. எழுத்து தெரிய வேண்டுமென்று சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்கக்கூடாது. பக்கவாட்டு வெளிச்சம் போதும். மண்ணைத் தோண்டக்கூடாது, அது அனுமதி பெற்றவர்களின் வேலை. வழிபாட்டில் உள்ள கல்லை அகழ்வைப்பகத்துக்குத் தூக்கிவரத் துடிக்கவும் கூடாது. ஆயிரம் ஆண்டு அதைக் காத்தது ஊர்தான். படித்த வரியை ஊராருக்குச் சொல்லிவிட்டு வந்தால், அடுத்த முறை சிமெண்ட் குழைக்கும் முன் அவர்களே யோசிப்பார்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை வரலாறோ தமிழோ படிக்கிறேன் என்றால் முகம் சுளிக்காதீர்கள். உங்கள் ஊர் வேடியப்பனின் பெயரென்ன, அவன் எதற்காகச் செத்தான் என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். தெரியாவிட்டால் கண்டுபிடித்து வரச் சொல்லுங்கள். துணைவேந்தர்களும் கல்லூரி முதல்வர்களும் செய்ய வேண்டியது, அந்தத் தேடலுக்கு அட்டவணையில் இடமும் மதிப்பெண்ணும் ஒதுக்குவது. வரும் ஜூலையிலேயே தொடங்கலாம்.